எலிசபெத் டெய்லரின் ஊதாக் கண்கள்: பிறவியா, பூச்சா?

2 பிப்ரவரி 2023, வாசகர் கேள்வி

ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லருக்கு ஊதாக் கண் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுவருகிறேன். அப்படி ஒரு நிறம் மனிதக் கண்ணுக்கு உண்டா? லென்ஸ் போட்டுக்கொண்டார் என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். அந்த இமைமயிரும் ஒட்டியதுதான் என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி 2023, இரவு

லென்ஸ் இல்லை. இமைமயிரும் ஒட்டியதில்லை. இரண்டும் பிறவி.

ஊதா நிறத்துக்கு நானே சாட்சி. 1975-இல் மதுரையில் ஒரு தியேட்டரில் காலைக்காட்சியாக 'கிளியோபாட்ரா' போட்டார்கள். எனக்குப் பதினைந்து வயது. அண்ணன் கூட்டிக்கொண்டு போனான். திரைக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. திரை முழுக்க அந்த முகம் வந்து நின்றபோது கண் ஊதாவாகத்தான் இருந்தது. நாவல்பழம் தின்றால் விரலில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த ஊதா. நாற்பத்தெட்டு வருஷம் ஆகியும் மறக்கவில்லை.

3 பிப்ரவரி 2023

மகளுக்காக லென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டெய்லர் பிறந்தது 1932 பிப்ரவரி 27, லண்டனில். அப்பா அம்மா இருவரும் அமெரிக்கர்கள். 1939-இல் குடும்பம் அமெரிக்கா போய்விட்டது. 'லாஸி கம் ஹோம்' 1943, 'நேஷனல் வெல்வெட்' 1944. இரண்டும் டெக்னிகலர். வண்ணத்தில் அந்தக் கண்ணை உலகம் பார்க்கத் தொடங்கியபோது அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. அன்றைக்கு இருந்த லென்ஸ், வெள்ளைவிழியையும் சேர்த்து மூடுகிற பெரிய கிண்ணம். ஒரு குழந்தைக்கு அதை மாட்டிவிட்டு நாள் முழுக்கப் படமெடுக்க முடியாது.

கருவிழிமேல் மட்டும் நிற்கிற சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் வந்ததே 1940-களின் கடைசியில். இப்போது எல்லாரும் போடுகிற மெத்தென்ற லென்ஸைச் செக் நாட்டு விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே 1961-இல் தன் வீட்டில் செய்து பார்த்தார். பிள்ளைகள் பூட்டி விளையாடும் பொம்மைப் பாகங்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து அதற்கான கருவியை அவரே பூட்டியிருக்கிறார். அந்த வகை லென்ஸ் அமெரிக்காவில் விற்க அனுமதி கிடைத்தது 1971. கண்ணின் நிறத்தை மாற்றும் மெத்தென்ற லென்ஸ் கடைக்கு வந்தது 1980-களில். அதற்குள் டெய்லர் இரண்டு ஆஸ்கர் வாங்கி முடித்திருந்தார்.

5 பிப்ரவரி 2023

இமைமயிர்க் கதை லென்ஸைவிட நன்றாக இருக்கிறது.

முதலில் யுனிவர்சல் ஸ்டுடியோ அவரை ஒப்பந்தம் செய்து ஒரு வருஷத்துக்குள் விட்டுவிட்டது. அங்கே நடிகர் தேர்வில் இருந்தவருக்கு இந்தக் குழந்தையைப் பிடிக்கவே இல்லை. குழந்தை முகமே இல்லை, கண் ரொம்ப முதிர்ந்ததாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பிறகு எம்.ஜி.எம். எடுத்துக்கொண்டது. 'லாஸி' படப்பிடிப்பில் அவரைப் பார்த்ததும் கண்ணில் இவ்வளவு மை எதற்கு, போய்த் துடைத்துவிட்டு வா என்றார்கள். மை எதுவும் போடவில்லை, அது அந்தப் பிள்ளையின் இமையேதான் என்று அப்புறம் தெரிந்தது. கூட நடித்த ரோடி மெக்டோவல் இந்தக் கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம், அவருக்கு இமைமயிர் இரண்டு வரிசை. பிறந்ததும் டாக்டர் இதை ஏதோ குறை போலச் சொல்ல, அம்மா பயந்துபோய், அப்புறம் இரட்டை வரிசை இமை என்று கேட்டதும் ஆறுதலடைந்தாராம். மருத்துவத்தில் இதை டிரைக்கியாசிஸ் என்பார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தங்கைக்கும் இது உண்டு. அவளைக் கேட்காமல் அதை எழுதக் கூடாது. கேட்டுவிட்டு வருகிறேன்.

6 பிப்ரவரி 2023

நேற்று எழுதிய பெயர் தவறு. கண் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலைபார்த்த நர்ஸ் ஒருவர் திருத்தினார். டிரைக்கியாசிஸ் என்றால் எல்லாருக்கும் இருக்கிற அந்த ஒரே வரிசையில் சில மயிர்கள் திசை தவறி உள்ளே வளைந்து விழியில் குத்துவது. டெய்லருக்கு இருந்தது டிஸ்டிக்கியாசிஸ். இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. கண்ணீர் சீக்கிரம் காயாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அந்தத் துளைகளிலிருந்து எண்ணெயோடு மயிரும் முளைத்து, முதல் வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசையாக நிற்கும்.

அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே போட வேண்டும். இந்த இரண்டாம் வரிசை பெரும்பாலும் மெல்லியதாக, குட்டையாகத்தான் இருக்கும். அதனால் வளர்ந்த டெய்லரிடம் நாம் பார்க்கிற அந்தக் கனத்த இமை முழுவதும் பிறவி என்று சொல்லிவிட முடியாது, மேலே மஸ்காராவும் உண்டு என்கிறார். சரிதான். "ஒட்டியதில்லை" என்று நான் எழுதியது குழந்தை டெய்லருக்குப் பொருந்தும். 'கிளியோபாட்ரா'வுக்கு அப்படியே பொருந்தாது.

9 பிப்ரவரி 2023

இரண்டு நாளாக ஊதாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெற வேண்டிவரும் போலிருக்கிறது.

மனிதக் கருவிழியில் ஊதா நிறமி என்று ஒன்று கிடையாது. நீல நிறமியும் கிடையாது. இருப்பது மெலனின் ஒன்றுதான், நம் தோலிலும் தலைமயிரிலும் இருக்கிற அதே பழுப்பு. கருவிழித் திரைக்குப் பின்பக்கம் எல்லாருக்கும் அது அடர்த்தியாகப் படிந்திருக்கும். முன்பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நமக்கு முன்பக்கமும் நிறைய, அதனால் கரும்பழுப்பு. முன்பக்கம் குறைவாக இருப்பவர்களுக்கு அங்கிருக்கும் நுண்ணிய நார்களில் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது. நீல ஒளிதான் அதிகம் சிதறும். பின்னால் இருட்டு இருப்பதால் அந்த நீலம் எடுப்பாகத் தெரியும். சாமி அறையில் ஊதுபத்திப் புகையைப் பார்த்தால் புரியும். இருட்டான மூலைக்கு முன்னால் புகை நீலமாக ஏறும். அதே புகை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே வந்தால் பழுப்பாகத் தெரியும். புகையில் நீலச் சாயம் எதுவும் இல்லை.

அசலாக ஊதா கலந்து தெரிகிற கண் சிலருக்கு உண்டு. பின்பக்க மெலனினும் மிகக் குறைவாக இருந்து, உள்ளேயிருக்கும் ரத்தச் சிவப்பு நீலத்தோடு கலக்கும்போது அப்படித் தெரியும். பிறவியிலேயே நிறமி குறைந்தவர்களுக்கு அது. டெய்லருக்குக் கன்னங்கரேலென்று தலைமயிர், கனத்த கறுப்புப் புருவம். அந்த வகையில் அவரைச் சேர்க்க முடியாது.

ஆக அவருக்கு இருந்தது நீலக் கண், அதுவும் நல்ல அடர்நீலம். ஊதா எங்கிருந்து வந்தது என்பதுதான் இனி கேள்வி.

இந்த இடத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார். ஊதாக் கண்ணோடு பிறக்கும் ஒரு வம்சம் இருக்கிறதாம், பெயர் அலெக்ஸாண்ட்ரியாஸ் ஜெனசிஸ், அவர்களுக்கு நோய் வராது, உடம்பில் ரோமம் இருக்காது, நூறு வயதைத் தாண்டி வாழ்வார்களாம். இது 1990-களில் ஒரு ரசிகை தன் கற்பனைக் கதைக்காக எழுதியது. கதை மறந்துபோய் இந்தப் பகுதி மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. டெய்லரை அந்த வம்சத்தில் சேர்ப்பவர்கள் அவர் வாழ்க்கையில் எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

10 பிப்ரவரி 2023

சின்னக் குறிப்பு. ஊதா என்று நாம் சொல்வதிலேயே ஒரு தகராறு இருக்கிறது. என் அம்மா சொட்டுநீலம் அதிகமாகிப்போன வேட்டியை "ஊதாவா அடிக்குது பாரு" என்பாள். எழுதுகிற நீல மையும் அவளுக்கு ஊதா மைதான். நாவல்பழ நிறத்தைக் கத்தரிப்பூ என்பாள். அம்மாவிடம் கேட்டிருந்தால் டெய்லருக்கு ஊதாக் கண் என்று ஒரு யோசனையும் இல்லாமல் ஒத்துக்கொண்டிருப்பாள். அவள் கணக்கில் அது சரியும்கூட.

14 பிப்ரவரி 2023

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். என் தொழிலே இதுதான்.

1984-இலிருந்து இருபத்திரண்டு வருஷம் கலர் லேப்பில் பிரிண்ட் போட்டவன் நான். ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவரும் நெகட்டிவைப் பார்த்து மஞ்சள், மெஜன்டா என்கிற ஊதாச்சிவப்பு, சியான் என்கிற பச்சைநீலம் மூன்றையும் கூட்டிக் குறைத்து நிறம் சரிசெய்வதுதான் வேலை. இந்த வேலையில் ரொம்பக் கஷ்டமான நிறம் எது என்று கேட்டால் நீலம் என்பேன். மெஜன்டா ஒரு படி ஏறினால் போதும், நீலம் ஊதாவாகிவிடும். முகத்தைச் சரியாக்கப் போனால் சேலை கெடும், சேலையைச் சரியாக்கினால் முகம் பச்சையடிக்கும். ஒரு தடவை ஒரு கல்யாண ஆல்பம் முழுக்கத் திரும்பி வந்தது. முகூர்த்தச் சேலை நல்ல நீலப் பட்டு. எங்கள் பிரிண்டில் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பெண்ணின் அம்மா சேலையையே மஞ்சள் பையில் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து, "இதுவா அது?" என்று கேட்டார். மூன்று தடவை போட்டும் எனக்கு அந்த நீலம் வரவில்லை. சில சாயங்கள் நம் கண்ணுக்குச் சரியாக எட்டாத கடைசிச் சிவப்பையும் திருப்பி அனுப்பும். நாம் பார்க்காத அந்தச் சிவப்பை ஃபிலிம் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு நீலமாக இருப்பது படத்தில் ஊதாவாக விழும். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல முடியவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இப்போது 'கிளியோபாட்ரா'வுக்கு வருகிறேன். படம் வெளியானது 1963. ஈஸ்ட்மன்கலர் வகைச் சுருள். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. மூன்று சாயங்களில் சியான் சீக்கிரம் மங்கிவிடும். வெப்பமும் ஈரமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். சியான் போனால் மிஞ்சுவது மெஜன்டாவும் கொஞ்சம் மஞ்சளும். படம் முழுக்க இளஞ்சிவப்பு ஏறிவிடும். சியானும் மெஜன்டாவும் சேர்ந்துதான் நீலம். அதில் சியான் குறைந்தால் என்ன ஆகும்? ஊதா ஆகும். பழைய டெக்னிகலர் பிரிண்டுகளுக்கு இந்த வியாதி இல்லை, அதில் சாயத்தை அச்சடிப்பதுபோல் ஏற்றுவார்கள். நிறம் எளிதில் மங்காத சுருள் பரவலாக வந்தது 1980-களில்.

அப்படியென்றால் 1975-இல் மதுரையில் நான் பார்த்தது எது? ஊர் ஊராக ஓடித் தேய்ந்த ஒரு பழைய பிரிண்ட். நேற்றிரவு படுத்துக்கொண்டு அந்தக் காட்சிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். ரோமாபுரிச் சிப்பாய்கள் செங்கல் நிறத்தில் இருந்தார்கள். கடல் இளஞ்சிவப்பு கலந்து இருந்தது. சாயங்காலக் கடல் என்று அன்றைக்கு ரசித்தேன். படம் நெடுகக் கடல் சாயங்காலமாகவே இருந்ததே என்பது இப்போதுதான் உறைக்கிறது.

முதல் நாள் எழுதிய சாட்சியத்தை வாபஸ் வாங்குகிறேன். நான் பார்த்த நாவல்பழ ஊதா டெய்லருடைய கண்ணில் இருந்ததில்லை. மங்கிப்போன சுருளில் இருந்தது.

15 பிப்ரவரி 2023

சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். காலண்டரில் கிருஷ்ணர் ஊதாவாகிவிட்டால் "மெஜன்டா ஏறிருச்சு" என்று மெஷினை நிறுத்துவார்களாம். நீலம் அடிக்கிற எந்த அச்சகத்திலும் இந்தச் சிக்கல் உண்டு என்கிறார். சினிமாப் பத்திரிகைகளின் அட்டையில் டெய்லர் கண்ணைப் பார்த்தவர்களும் அச்சு மையைத்தான் பார்த்தார்கள். இது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

19 பிப்ரவரி 2023

எல்லாவற்றையும் சுருள்மேலும் மைமேலும் போட்டுவிடவும் முடியாது. நேரில் பார்த்தவர்களும் ஊதா என்று சொல்லியிருக்கிறார்கள். 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' (1958) கறுப்பு வெள்ளையில் எடுக்கத் திட்டமிட்ட படம் என்றும், கூட நடித்த பால் நியூமனின் நீலக் கண்ணையும் டெய்லரின் ஊதாக் கண்ணையும் விட மனசில்லாமல் இயக்குநர் ரிச்சர்ட் ப்ரூக்ஸ் வண்ணத்துக்கு மாற்றினார் என்றும் சொல்வார்கள். கேமரா முன்னால் இருந்தவர்களுக்கே அது ஏதோ தனி நிறமாகப் பட்டிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது உடை. ஊதாவும் இளஊதாவும் அவர் விரும்பி உடுத்திய நிறங்கள். 1987-இல் அவர் பெயரில் வந்த 'பேஷன்' வாசனைத் திரவியத்தின் புட்டிகூட ஊதா. பக்கத்தில் ஊதா இருந்தால் நீலக் கண் அதை வாங்கிக்கொண்டு ஊதாவாகத் தெரியும். அவ்வளவுதான் ரகசியம்.

22 பிப்ரவரி 2023

அவ்வளவுதான் இல்லை. மூன்று நாள் முன்பு எழுதியதைச் சோதிக்காமல் எழுதிவிட்டேன். துணிச் சாயங்கள் தெரிந்த ஒரு வாசகி, "துணியை வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். வைத்துப் பார்த்தேன்.

பேரனிடமிருந்து ஒரு நீலக் கோலிக்குண்டு வாங்கினேன். மனைவியின் ரவிக்கைத் துணிகளில் ஊதா, இலைப்பச்சை, வெள்ளை, மஞ்சள் எடுத்து மாடியில் விரித்தேன். காலை எட்டு மணி வெயில். ஊதாத் துணிமேல் வைத்தால் குண்டு ஊதாவாகவில்லை. இன்னும் சுத்த நீலமாக, கொஞ்சம் பச்சைப் பக்கம்கூடச் சாய்ந்து தெரிந்தது. இலைப்பச்சைமேல் வைத்ததும் அதே குண்டில் லேசாக ஊதா ஏறியது. மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். எதற்காக என்று சொல்லாமல் கேட்டேன். பச்சைமேல் இருப்பதைத்தான் ஊதா என்றாள்.

இதைப் பிரான்சில் மிஷேல் ஷெவ்ருல் என்ற வேதியியலாளர் 1839-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர் அவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று நெசவாளிகள் புகார் சொன்னார்கள். சாயத்தை ஆராய்ந்தால் குறை எதுவும் இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கிறது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளும் என்று கண்டார். பச்சைக்குப் பக்கத்தில் நீலம் ஊதாவாகச் சாயும். ஊதாவுக்குப் பக்கத்தில் நீலம் பச்சையாகச் சாயும். நான் எழுதியதற்கு நேர் எதிர். சேலைக் கடையில் பார்டரை மாற்றினால் உடல் நிறமே மாறினாற்போல் தெரிவது இதனால்தான். இதை என் கடைவாசலில் நின்ற எந்த நெசவாளியும் எனக்குச் சொல்லித் தந்திருப்பார்.

இப்போது டெய்லரின் மரகத நகைகளை நினைத்துப் பாருங்கள். ரோமில் 'கிளியோபாட்ரா' எடுத்த காலத்தில் தொடங்கி கூட நடித்து, பிறகு அவர் கணவரும் ஆன ரிச்சர்ட் பர்ட்டன் அவருக்குப் புல்காரி என்ற நகைக்கடையின் மரகதங்களாக வாங்கிக் கொடுத்தார். கழுத்திலும் காதிலும் பச்சை, மேலே அடர்நீலக் கண். கழுத்தில் இருக்கிற நகை கண்வரைக்கும் எவ்வளவு வேலைசெய்யும் என்று கேட்டால், கொஞ்சம்தான். கண்ணை ஒட்டி இருக்கும் பூச்சுக்கு அதைவிட வலு அதிகம். இமைமேல் பொன்னிறமோ மஞ்சள் கலந்த பச்சையோ தடவினால் கண் இன்னும் நன்றாக ஊதாப் பக்கம் போகும். சுற்றிக் கறுப்பு மைக்கோடு, கறுத்த இமை, கறுத்த புருவம் எல்லாம் சேர்ந்து நீலத்தை ஆழமாக்குகின்றன.

ஊதா உடை வீண் என்றும் சொல்ல மாட்டேன். கண் ஈரமான கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பது அதில் மினுங்கும். ஊதாத் துணியின் வெளிச்சம் கீழிருந்து அதில் பட்டு ஒரு பளபளப்புக் கொடுத்திருக்கலாம். ஆனால் கோலிக்குண்டு காட்டியதைத்தான் நான் நம்புகிறேன்.

27 பிப்ரவரி 2023

இன்று அவர் பிறந்தநாள். 'எ ப்ளேஸ் இன் தி சன்' மறுபடியும் பார்த்தேன். 1951, கறுப்பு வெள்ளை. இடித் ஹெட் வடிவமைத்த அந்த வெள்ளைக் கவுனில் மார்பு நெடுக வயலெட் பூக்கள். முகம் திரையை நிறைக்கிறது, கண்ணில் நிறம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் படம் பார்த்தவர்கள் ஊதாக் கண்ணைப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். படிக்கிறவன் மனசில் பத்திரிகைகள் அந்த நிறத்தை முன்பே பூசியிருந்தன.

ஸ்டுடியோ எதையெல்லாம் மாற்றும் என்பதற்கு ரீட்டா ஹேவொர்த் என்ற இன்னொரு ஹாலிவுட் நடிகையைப் பாருங்கள். பிறந்த பெயர் மார்கரிட்டா கான்சினோ, கருங்கூந்தல். நெற்றியில் இறங்கிய முடியை மின்சார ஊசியால் ஒவ்வொன்றாக எரித்து எடுத்து நெற்றியை உயர்த்தினார்கள். கூந்தலைச் செம்பட்டையாக்கினார்கள். பெயரை மாற்றினார்கள். அப்புறம் அந்த நெற்றியும் செங்கூந்தலும்தான் அவருடைய அடையாளம் என்று உலகம் கொண்டாடியது. அவருக்குப் பெரும்புகழ் கொடுத்த 'கில்டா' (1946) கறுப்பு வெள்ளைப் படம். அதில் செங்கூந்தல் எங்கே தெரிந்தது?

டெய்லரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். கூந்தலுக்குச் சாயம் போட வேண்டும், புருவத்தைத் திருத்த வேண்டும், பெயரை வர்ஜீனியா என்று வைத்துக்கொள்ளலாம் என்று எம்.ஜி.எம். சொன்னது. குழந்தையும் பெற்றோரும் மாட்டோம் என்றுவிட்டார்கள். அந்தப் புருவம் பிழைத்தது. பிற்காலத்தில் எத்தனையோ பெண்கள் அதைப் பார்த்துத் தங்கள் புருவத்தைப் பிடுங்காமல் விட்டார்கள்.

யோசித்தால் எனக்கு ஆச்சரியமாக இருப்பது இதுதான். எல்லாரும் பொய் என்று சந்தேகப்பட்ட இமை பிறவி. எல்லாரும் பிறவி என்று சத்தியம் செய்த ஊதா பாதிக்குமேல் வெளிச்சத்திலும் பூச்சிலும் சுருளிலும் எழுத்திலும் பிறந்தது. நானும் சத்தியம் செய்தவன்தான். சீர்படுத்தி வெளியிட்ட 'கிளியோபாட்ரா' ப்ளூ-ரேயில் அவர் கண் எனக்கு நல்ல அடர்நீலமாகத் தெரிகிறது. ஒன்றிரண்டு நிழல் காட்சிகளில் மட்டும் ஊதா எட்டிப்பார்க்கிறது. அந்த ஒன்றிரண்டு காட்சியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

4 மார்ச் 2023

இரட்டை இமைதான் அவரைக் கொன்றது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இப்படி எழுத வேண்டாம். படிக்கிறவர்களில் அதே இமையோடு பிறந்தவர்கள் இருக்கிறார்கள்.

உண்மை இவ்வளவுதான். பரம்பரையாக வருகிற ஒரு வகை உண்டு. ஃபாக்ஸ்-சி-2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் இரட்டை இமையும், வளர்கிற வயதில் கால் வீக்கமும் சேர்ந்து வரும். 2000-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வகையில் சிலருக்கு இதயக் கோளாறும் இருக்கும். டெய்லர் 2011-இல் இதயச் செயலிழப்பால் இறந்தார் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சிலர் ஊகம் எழுதினார்கள். அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. 1961-இல் நிமோனியா வந்து மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டார்கள். 'கிளியோபாட்ரா'வில் அந்தத் தழும்பே தெரியும். 1997-இல் மூளையில் கட்டி எடுத்தார்கள். இதற்கெல்லாம் நடுவில் பாவம், இமையை எதற்குக் குற்றம் சொல்வது? இரட்டை இமை மட்டும் தனியாக இருந்து, வேறு ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். குழந்தைக்கு இருப்பது தெரிந்தால் கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள், குடும்பத்தில் யாருக்காவது கால் வீக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம்.

நாய்களுக்கு இது சகஜம் என்று ஒரு கால்நடை டாக்டர் எழுதியிருக்கிறார், நன்றி. 'லாஸி'யாக நடித்த பால் என்ற கோலி நாய்க்கு இருந்ததா என்று கேட்டிருக்கிறார். அது பெண் வேடம் போட்ட ஆண் நாய் என்பதுவரை நான் சொல்ல முடியும்.

23 மார்ச் 2023

அவர் இறந்த நாள். தங்கையிடம் கேட்டுவிட்டேன். எழுது என்று சொல்லிவிட்டாள்.

சின்ன வயதில் அவள் கண்ணைப் பார்த்துச் சொக்காதவர்கள் கிடையாது. மை வைக்காமலே மை வைத்த கண். தெருவில் வருகிறவள் போகிறவளெல்லாம் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறிப்பார்கள். ஆனால் அவள் எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். வெயிலில் தண்ணீர் வழியும். அழுமூஞ்சி என்று பெயர் வைத்தோம், நானும்தான்.

நான்காவது படிக்கும்போது பள்ளிக்கு மை தீட்டிக்கொண்டு வரக் கூடாது என்று டீச்சர் சொன்னார். தீட்டவில்லை என்று இவள் சொன்னாள். பொய் வேறு சொல்கிறாயா என்று குழாயடிக்கு இழுத்துப்போய் ஈரத் துண்டால் கண்ணைத் தேய்த்தார். துண்டில் ஒன்றும் வரவில்லை. இன்னும் தேய்த்தார். வீட்டுக்கு வரும்போது இரண்டு கண்ணும் கோவைப்பழம். அம்மா போய்ச் சண்டை போட்டாள். அன்றைக்கு ராத்திரி தங்கை கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "இது என் கண்ணுதானேம்மா?"

அதற்குப் பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இமையைத் திருப்பி, பூதக்கண்ணாடியில் அம்மாவுக்கும் காட்டினார். பின்னால் இன்னொரு வரிசை, பூனைமயிர் மாதிரி, விழியை ஒட்டி. குத்துகிறவற்றைச் சின்ன இடுக்கியால் பிடுங்கினார். ஐந்தாறு வாரத்தில் மறுபடி முளைக்கும், மறுபடி போவோம். வருஷக்கணக்கில் அப்படிப் போனோம். பெரியவளான பிறகு மின்சார ஊசியால் வேரைக் கருக்கினார்கள். ரீட்டா ஹேவொர்த் நெற்றிக்குச் செய்த அதே முறை. சில முளைத்தன, பல போயின. இப்போது சொட்டு மருந்து மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். 'நேஷனல் வெல்வெட்'டில் அந்தப் பெண் குதிரையைப் பற்றிப் பேசும் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஊதாவா நீலமா சொல் என்றேன். அவள் நிறத்தைப் பார்க்கவே இல்லை. போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஓட்டினாள்.

"இவ்வளவு நேரம் சிமிட்டாமப் பேசுறாளே. லைட் ரொம்ப இருக்குமோ அங்கே?"

இருக்கும் என்றேன். டெக்னிகலர் கேமராவில் ஒரே நேரத்தில் மூன்று ஃபிலிம் ஓடும். சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் போட்டால்தான் அதில் உருவம் விழும். அந்தச் சூட்டில் நடிகர்கள் தவித்ததை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

"பாவம்," என்றாள். "இவளுக்கு யாரு பிடுங்கிவிட்டாங்களோ."